நெருங்கிய உறவினரின் கடை

வீரபாண்டி, திருப்பூர்
3 நவம்பர் 2025

பெறுநர்:
திரு. சகாயராஜ்,
ஆரோக்கியம் ஸ்டோர்ஸ், அருள்புரம்.

ஐயா,

ஆர்டர் நின்று வேலை இழந்த பின்னலாடைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு கூப்பன் கொடுத்து உள்ளூர்க் கடைகள் வழியாகவே உணவுப் பொருள் வழங்கும் எங்கள் அவசர உதவித் திட்டத்தில், கூப்பன் கடையாகச் சேர விரும்பி நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. திட்ட அலுவலரின் நெருங்கிய உறவினர் நடத்தும் கடை என்பதால் அமைப்பின் கொள்முதல் விதிப்படி அதை ஏற்க இயலவில்லை. அருள்புரத்தில் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளுக்குத் திரு. குருசாமி அவர்களின் மளிகைக் கடை தேர்வு செய்யப்பட்டுள்ளது. ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். விண்ணப்பித்த கடைக்காரர்களுடன் தொலைபேசியில் பேச எங்களுக்கு அனுமதி இல்லை.

இப்படிக்கு,
ரோஸ்மேரி,
திட்ட அலுவலர்.

சகாயம், இதற்குக் கீழே எழுதுவது உன் அக்கா. சனிக்கிழமை இதை நேரில் சொல்லத்தான் வந்தேன். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டாய். தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.


அருள்புரம்
5 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய திட்ட அலுவலர் அவர்களுக்கு,

ஆட்சேபம் எழுத்தில் வேண்டும் என்றீர்கள். எழுதியிருக்கிறேன். அங்கன்வாடிச் சுவரில் நீங்கள் மாட்டிவைத்திருக்கும் புகார்ப் பெட்டியில் போடுகிறேன்.

நான் யாருக்கும் தம்பி என்று விண்ணப்பம் போடவில்லை. மற்ற கடைக்காரர்கள் கொடுத்த அதே காகிதங்களைத்தான் நானும் கொடுத்தேன். ஆர்டர் நின்று கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, உங்கள் அமைப்பு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், லைன் வீட்டுக்காரர்களுக்கு அரிசியும் பருப்பும் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். அப்போது யாரும் என்னிடம் உனக்கு அக்கா உண்டா என்று கேட்கவில்லை.

கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து நீங்கள் பேசியதை நானும் பின்னால் நின்று கேட்டேன். "வெளியூர்லேருந்து லாரில அரிசி கொண்டுவந்து எறக்கிட்டா, ஒங்க தெருக் கடை செத்துப்போவும். நாங்க போன பொறவு ஒங்களுக்கு ஆத்திரம் அவசரத்துக்கு யாரு இருக்கா? அதனால ஒங்க தெருக் கடைலயே வாங்குங்க." எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இன்று அதே ஜனங்கள் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலைத் தாண்டிக் குருசாமி கடைக்குப் போகிறார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தெருவின் அந்தப் பக்கமாக நடக்கிறார்கள்.

இன்னொன்று. குருசாமிக்குக் கடை மட்டும் இல்லை. அந்த லைன் வீடுகள் முழுக்க அவருடையவை. இது உங்கள் விதியில் வருமா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்,
சகாயராஜ்.


வீரபாண்டி
8 நவம்பர் 2025

சகாயத்துக்கு,

உன் கடிதத்தை நான் தனியாகப் படிக்கவில்லை. புகார்ப் பெட்டியை நானும் கணக்குப் பிரிவு அனுப்ரியாவும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். அவள்தான் எடுத்து உரக்கப் படித்தாள். "நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர்" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, இனி உங்க தம்பி எழுதறதை எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க, நான் கொண்டுவந்து தர்றேன்" என்றாள். அவள் வீடு அருள்புரம் வழியில்தான். அவளிடம் கொடு.

நீ கைதட்டியது எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டம் நடக்க நான் பட்ட பாடும் உனக்குத் தெரியாது. சென்னை அலுவலகத்தில் ஒரு பெரிய கம்பெனியின் அட்டைப் பெட்டிகளை வாங்குவதாக முடிவே ஆகியிருந்தது. எல்லாப் பெட்டியிலும் ஒரே அரிசி, ஒரே பருப்பு, வடநாட்டுக் குடும்பத்துக்கும் நம் ஊர்க் குடும்பத்துக்கும் ஒரே மசாலாப் பாக்கெட். ஜனங்கள் என்ன வேண்டும் என்று தாங்களே கேட்டு வாங்கட்டும், அந்தப் பணம் இந்த ஊரிலேயே சுற்றட்டும் என்று நான்தான் மன்றாடினேன். கடைசியில் இயக்குநர் அம்மா ஒத்துக்கொண்டபோது சொன்னது ஒன்றுதான்: "ஒரு கடையில் ஒரு தப்பு வந்தாலும் பழையபடி பெட்டிதான், ரோஸ்மேரி."

அந்தப் பட்டியலில் என் தம்பி பெயர் இருந்தால் அது தப்பு இல்லையா? கமிஷன் வாங்குகிறாள் என்று ஒருவன் சொன்னால் போதும். குருசாமி கடையில் பில் போடும் மெஷின் இருக்கிறது, முட்டையும் பாலும் வைக்கக் குளிர்பெட்டி இருக்கிறது. வீடுகளும் அவருடையவை என்பது எனக்குத் தெரியும். ஜனங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

உன்னை ஊரிலிருந்து இங்கே கூட்டிவந்தவள் நான். உன் வாயில் மண்ணைப் போட நான் நினைப்பேனா?

அக்கா


அருள்புரம்
13 நவம்பர் 2025

அக்காவுக்கு,

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். நீயும் அப்படியே படி.

குருசாமி கூப்பனுக்கு முழுச் சாமான் கொடுப்பதில்லை. பாதியை வாடகை பாக்கிக்குப் பிடித்துக்கொள்கிறார். முழுதும் வாங்கியதாகக் கையெழுத்து வாங்குகிறார்.

மினதி என்று ஒரு ஒடிசாக்காரி. கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தவள். புருஷன் கட்டட வேலை தேடிப் பெங்களூர் போய்விட்டான், போன் வருவதும் நின்றுவிட்டது. கையில் ஒரு பெண் குழந்தை, வயிற்றில் ஒன்று. ரேஷன் கார்டு இல்லை. செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்து நின்றாள். "அண்ணா, சாவல் கொஞ்சம்" என்று அரிசி கேட்டாள். "கூப்பன் இருக்கில்லா, அங்க போயி வாங்கு" என்றேன். வாங்கியாகிவிட்டது என்று பையைத் திறந்து காட்டினாள். ஒரு வாரத்துக்கான அரிசி இல்லை அது. எண்ணெய் இல்லை, முட்டை இல்லை. தெரிந்த தமிழில் சொன்னாள், குருசாமி பேசியதை அப்படியே பேசிக் காட்டினாள். நான் அவள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயிடம் விசாரித்தேன். சின்னத்தாய் விருதுநகர்ப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் டெய்லர். அவளும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள்.

"கண்ணு, வாடகை நிக்குதுல்ல? கூப்பன்ல பாதிய அதுக்கு வரவு வெச்சுக்கறனுங். மீதிக்கு வேணுங்கறத வாங்கிக்க. இத வெளிய சொல்லோணும்னு ஒண்ணும் இல்லீங். ஊடு வேணுமில்ல உங்களுக்கு?"

குரலை உயர்த்தவில்லை, வையவில்லை. அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், தேனாக இருக்கும்.

பொறாமையில் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய் என்பது எனக்குத் தெரியும். நினைத்துக்கொள். ஆனால் வந்து பார்.

சகாயம்


வீரபாண்டி
17 நவம்பர் 2025

சகாயத்துக்கு,

பார்த்தாகிவிட்டது. அனுப்ரியாவையும் இன்னொரு ஊழியரையும் அனுப்பி வீடு வீடாகக் கேட்கச் சொன்னேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: முழுதும் கிடைக்கிறது, குறை ஒன்றும் இல்லை. நீ எழுதிய மினதி தலையை ஆட்டி, "எல்லாம் அச்சா" என்றாளாம். சின்னத்தாய் கதவைத் திறக்கவே இல்லை. கடையில் கையெழுத்துகள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

இதற்கிடையில் குருசாமி எனக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுத்திருக்கிறார். அவருடைய கடைக்கு வருபவர்களை நீ தெருவில் மறித்து நிறுத்தி, அங்கே போகாதே என்கிறாயாம். அவர் வேலையாளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாயாம். இது உண்மையா? உண்மை என்றால் அந்தக் காகிதம் சென்னைக்குப் போகும்போது அதில் என் தம்பியின் பெயர் இருக்கும்.

உனக்கு வலிக்கிறது. புரிகிறது. கடையில் வியாபாரம் இல்லை, ஜனங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். அதற்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வைத்துக் கதை கட்டாதே. நம் அம்மா உன்னை அப்படி வளர்க்கவில்லை.

இந்தத் திட்டம் நின்றால் முந்நூறு வீட்டில் அடுப்பு எரியாது. உன் கோபத்துக்கு அதை விலையாகக் கொடுக்க முடியாது. இதைப் பற்றி இனி எழுதாதே. எழுதினாலும் நான் படிக்க மாட்டேன்.

ரோஸ்மேரி


அருள்புரம்
18 நவம்பர் 2025

நீங்கள் அனுப்பிய இருவரும் குருசாமியின் வேலையாள் வழிகாட்ட, அவன் பின்னாலேயே வீடு வீடாகப் போனார்கள். கேள்வி கேட்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்றான். வீட்டுக்காரனின் ஆள் வாசலில் நிற்கும்போது எவள் வாயைத் திறப்பாள்? தெரியாவிட்டால் அனுப்ரியாவைக் கேளுங்கள்.

அவனை நான் திட்டியது உண்மை.

சகாயராஜ்


திருப்பூர் அரசு மருத்துவமனை
23 நவம்பர் 2025

அக்கா,

இதையாவது படி.

இன்று காலை மினதி தண்ணீர்க் குழாயடியில் விழுந்துவிட்டாள். குடத்தைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். சின்னத்தாய் கத்திய கத்தலில் நான் ஓடினேன். கீழே எல்லாம் இரத்தம். ஆட்டோவில் போட்டுப் பல்லடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்துவிட்டு ஆம்புலன்சில் இங்கே அனுப்பினார்கள். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

குழந்தை இல்லை. வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார்.

டாக்டர் என்னிடம், "நீங்க யாரு, ஹஸ்பண்டா?" என்று கேட்டார். கடைக்காரன் என்றேன். "ஒடம்புல ரத்தமே இல்லையே, இந்தப் பொண்ணு என்னதான் சாப்பிட்டுது?" என்றார். கடைக்காரனிடம் கேட்கிறார்.

இவளுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். மூத்த குழந்தை சின்னத்தாய் வீட்டில். உன் நம்பருக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசையில் இருந்திருப்பாய். திரும்பவும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்து இதை எழுதி அனுப்ரியாவுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

சகாயம்


வீரபாண்டி
26 நவம்பர் 2025

சகாயம்,

ஞாயிறு மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நேற்றும் போனேன். இந்தி தெரிந்த ஒரு நர்ஸை உட்காரவைத்து மினதியோடு பேசினேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. நீ எழுதியது அத்தனையும் உண்மை. நான் உன்னைப் பொய்யன் என்று எழுதிய நாளில் அவள் வயிற்றில் அது உயிரோடு இருந்தது.

அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். உன் கடைக்கு மூன்றாவது தடவையாக வந்தபோது, "எங் கடைக்குக் கூப்பன் இல்லை, எங்கிட்ட ஏன் வார? போ" என்று நீ விரட்டினாயாம். அப்போது கடையில் அரிசி மூட்டை திறந்தே இருந்ததாம். இது நடந்ததா? உன் கடிதத்தில் இது இல்லை.

நேற்று மதியம் குருசாமி கடையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை அவர். காபி கொடுக்கச் சொன்னார். "செரிங்க மேடம், உங்க இஷ்டமுங். ஆனா என்ற ஊட்டுல இருந்துட்டு என்ற கடைக்கு வரமாட்டேன்னா, அவிங்க எனக்கு எதுக்குங்?" என்றார். முந்நூறு வீடு என்று உனக்கு எழுதினேனே, அதில் பாதிக்கு மேல் அவருடைய லைன்.

சென்னையில் சொன்னதைப் போலவே சொல்லிவிட்டார்கள். மறுபடி பெட்டிதான். ஆனால் லாரி வந்துசேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். இந்த வாரக் கூப்பன் ஜனங்கள் கையில் இருக்கிறது. மாற்றக் கடை இல்லை.

அதனால் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் நீ கூப்பன் வாங்கு. நீ என் தம்பி என்பதையும், தெரிந்தேதான் உன்னைச் சேர்க்கிறேன் என்பதையும் இயக்குநருக்கு எழுதிவிட்டேன். வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். விசாரணைக்குச் சென்னைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளை இரவு வண்டி ஏறுகிறேன். விசாரணை முடியும்வரை உன்னோடு போனில் பேசக் கூடாது என்று உத்தரவு.

அக்கா


அருள்புரம்
27 நவம்பர் 2025

அக்கா,

நடந்தது. விரட்டினேன். அன்று காலையில்தான் குருசாமி கடையில் வரிசை நின்றதைப் பார்த்துக்கொண்டு ஒரு வியாபாரமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் இருந்த கோபம் அவள் மேல் போய் விழுந்தது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. உனக்கு ஒளித்தேன், டாக்டருக்கும் ஒளித்தேன்.

கூப்பன் நான் வாங்க மாட்டேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை, முழுதும் படி. நாளைக்கு என் கடையில் கூப்பன் வாங்கினால், இத்தனையும் இதற்காகத்தான் நடந்தது என்று குருசாமி சொல்வார். சென்னையும் அதையே சொல்லும். மினதி பட்டதுகூட அக்காவும் தம்பியும் ஆடிய நாடகம் என்று ஆகிவிடும். உள்ளூரில் வாங்குகிற திட்டத்தை அதோடு மூட்டை கட்டிவிடுவார்கள். நீ வேலையை விட்டுக்கொடுப்பாய், கடைசியில் பெட்டிதான் வரும்.

நான் வேறு ஒன்று யோசித்தேன். ரத்தினசாமி என்று ஒருவர், மடத்துக்குளம் விவசாயி. குட்டியானை மினி லாரியில் காய்கறி போட்டு வாரம் மூன்று நாள் இந்தப் பக்கம் விற்க வருவார். சொந்த வண்டி, சொந்த நிலம், யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. நேற்று அவரைப் பிடித்துக் கேட்டேன். காய் அவரிடம் இருக்கிறது. அரிசி உடுமலைப்பேட்டைப் பக்கம் அவர் சொந்தக்காரர் ஆலையில் கிடைக்கும். பருப்பும் எண்ணெயும் முட்டையும் அங்கேயே வாங்கி ஏற்றலாம்.

"ஏனுங் தம்பி, அந்தக் குருசாமி எனக்குத் தூரத்துச் சொந்தமுங். நாளைக்குக் கல்யாணம் காட்சியில மூஞ்சி பாக்கோணுமே?" என்றார். கொஞ்ச நேரம் தக்காளியைப் பொறுக்கிப்போட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், "அந்தப் புள்ளைக்குக் கொளந்த போயிருச்சுன்னாங்களே, நெசமாங்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "செரி, வர்றனுங். வண்டிய ரோட்டுலதான நிறுத்தறேன், ஆரு ஊட்டுலயும் இல்லியே" என்றார்.

அவர் காகிதங்களை அனுப்ரியாவிடம் கொடுத்துவிட்டேன். நீ சென்னை போய் இதைச் சொல். எனக்கு இதில் ஒரு ரூபாய் வேண்டாம். அவருக்கு ஆள் இல்லை, தராசு பிடிக்க மட்டும் நான் நிற்பேன். அதுவும் தப்பு என்றால் சொல், நிற்கவில்லை.

சகாயம்


அருள்புரம்
1 டிசம்பர் 2025

அக்கா,

நீ சென்னையில் என்ன பேசினாய் என்று தெரியாது. வெள்ளி மாலையே அனுப்ரியாவுக்கு உத்தரவு வந்துவிட்டது: லாரி வரும்வரை ரத்தினசாமி வண்டியில் கூப்பன் செல்லும், தராசுக்கு அமைப்பின் ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். நேற்று அனுப்ரியாவே வந்து நின்றாள். அவளிடம் கேட்டால் அவள் வேறு மாதிரி சொல்வாள், அதனால் நானும் எழுதுகிறேன்.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியை லைன் வீடுகளுக்கு எதிரே பஞ்சாயத்து ரோட்டில் நிறுத்தித் தார்ப்பாய் கட்டினோம். அரிசி, கத்தரிக்காய், முள்ளங்கி, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் வண்டியில் நிறைந்திருந்தது. ரத்தினசாமி ஹாரன் அடித்தார். ஒருவரும் வெளியே வரவில்லை.

குருசாமி ஒரு சேரைக் கொண்டுவந்து கேட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. வணக்கம் வைத்தார். "வாங்க மாப்ள, வெவசாயமெல்லாம் எப்புடி?" என்று ரத்தினசாமியிடம் நலம் விசாரித்தார். ரத்தினசாமி வேர்த்துப்போய் நின்றார். ஒவ்வொரு கதவிலும் இடுக்கு வழியாகக் கண்கள் தெரிந்தன. ஜனங்களுக்குப் பசி, அக்கா. அடுப்பு எரியாத வீடுகள் என்று எனக்கே தெரிந்த வீடுகள். ஒரு கதவும் திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. ரத்தினசாமி, "தம்பி, போயர்லாமுங்களா?" என்றார். நான் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் சின்னத்தாய் வந்தாள். ஒரு கையில் பை, இடுப்பில் மினதியின் குழந்தை. குருசாமி சேரிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"ஏனுங் சின்னத்தாயி, அங்க வாங்கப் போறீங்களா?"

"ஆமா."

"நல்லதுங். அப்ப சாயங்காலத்துக்குள்ள ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்."

சின்னத்தாய் நின்றாள். எனக்கு அவள் திரும்பிவிடுவாள் என்றே தோன்றியது.

"சாயங்காலம் எதுக்கு? வாங்கிட்டு வந்ததும் காலி பண்ணுதேன். ஒம்ம கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டுப் பச்சப்புள்ளயப் பட்டினி போட என்னால முடியாது. ஒரு புள்ளைய வாரிக் குடுத்தாச்சி. இதுவும் போவணுமா?"

கத்தித்தான் சொன்னாள். லைன் முழுக்கக் கேட்டது. வந்து கூப்பனை நீட்டினாள். அரிசியை நிறுத்துப் போட்டேன். அவள் பையைத் தூக்குமுன் இன்னொரு கதவு திறந்தது. அப்புறம் ஒன்று. இந்திக்காரப் பெண்கள் மூன்று பேர் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். மதியத்துக்குள் பாதி லைன் வந்துவிட்டது. மீதிப் பாதி வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குருசாமி சொன்னதைச் செய்தார். சாயங்காலம் சின்னத்தாயின் தையல் மெஷினும் பாத்திரங்களும் மழையில் கிடந்தன. வேறு யார் வீட்டையும் தொடவில்லை. இத்தனை பேரை ஒரே நாளில் வெளியேற்றினால் போலீஸ் வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். ஒருத்தியை மட்டும் தள்ளினால் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும், அவருக்கு அது போதும். சின்னத்தாயும் குழந்தையும் என் கடையில் இருக்கிறார்கள். சாமான்களை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாய் போட்டிருக்கிறேன்.

சகாயம்


சென்னை
5 டிசம்பர் 2025

அன்புள்ள சகாயத்துக்கு,

விசாரணை முடிந்தது. நீளமான மேஜையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதங்களையும் அப்படியே கொடுத்துவிட்டேன், நீ விரட்டியதாக எழுதியது உட்பட. என் கடிதங்களையும்தான். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், வருத்தப்படாதே.

இயக்குநர் அம்மா உன் நவம்பர் 13 கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்கள் தம்பி கடையைச் சேர்க்காதது சரி. ஆனால் புகார் வந்ததும் எழுதினவர் யார் என்று பார்த்தீர்களே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. வேறு ஒரு கடைக்காரர் எழுதியிருந்தால் அன்றே நேரில் போயிருப்பீர்கள்."

நான் மறுக்கவில்லை. நேர்மையாக இருக்கிறேன் என்று எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. வீட்டுக்காரனே கடைக்காரன் என்று உன் முதல் கடிதத்திலேயே இருந்தது. அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. அதுவரை விடுப்பு. அழவில்லை, பயப்படாதே. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. அட்டைப் பெட்டி லாரியை நிறுத்திவிட்டார்கள். ரத்தினசாமி வண்டியைப் போல இன்னும் இரண்டு வண்டி போடப்போகிறார்கள். வீட்டுக்காரர்களின் கடை எதுவும் இனிப் பட்டியலில் இருக்காது, அதை விதியாகவே எழுதிவிட்டார்கள். பெண்களிடம் விசாரிக்கும்போது அந்தத் தெரு ஆள் யாரும் கூட இருக்கக் கூடாது என்பதும் விதி. சின்னத்தாய்க்காக வக்கீல் ஒருவரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் நான் திட்ட அலுவலர் இல்லை. நீ யாருக்கும் நெருங்கிய உறவினரும் இல்லை. விண்ணப்பம் போடு.

மினதியிடம் போக வேண்டும். எந்த முகத்தோடு போவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா


அருள்புரம்
9 டிசம்பர் 2025

எக்கா,

நீ திருப்பூர் வந்துவிட்டாய், வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று அனுப்ரியா சொன்னாள். அதனால் அவளிடமே இதைக் கொடுக்கிறேன்.

மினதியின் புருஷன் சனிக்கிழமை வந்து சேர்ந்தான். பெங்களூரில் போன் தொலைந்துபோய் எல்லா நம்பரும் போய்விட்டதாம். வந்து என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க அழுதான். நேற்று மினதியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தான், மூன்று பேரும் ஊருக்கு இரயில் ஏறினார்கள்.

புறப்படுவதற்கு முன் சின்னத்தாயைப் பார்க்கக் கடைக்கு வந்தார்கள். மினதி மெலிந்து, முகம் வெளுத்து, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வழிக்கு வேண்டுமே என்று அவல், பொரிகடலை, வெல்லம், ரொட்டி எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருந்தேன். நீட்டினேன். புருஷன் வாங்கக் கை நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கோபமாகச் செய்யவில்லை, அக்கா. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு எதிரே நின்ற ரத்தினசாமி வண்டிக்குப் போய், மிச்சம் இருந்த கடைசிக் கூப்பனைக் கொடுத்து முட்டையும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டாள். அனுப்ரியாதான் நிறுத்தாள். நான் விலகி நின்றேன்.

சின்னத்தாயை மட்டும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

உன்னைப் பற்றிக் கேட்டாளா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. நீ பார்க்கப் போயிருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் இரண்டு பேருக்கும் அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

விண்ணப்பம் இப்போது போடப்போவதில்லை. கடையில் சின்னத்தாய் இருக்கிறாள். நேற்று இன்னொரு குடும்பத்துக்கும் வீட்டைக் காலி செய்யக் குருசாமி நாள் குறித்துவிட்டார், அவர்களும் வரலாம். வக்கீல் வியாழக்கிழமை வருகிறாராம். பயந்துகொண்டு வராமல் இருந்த மீதிப் பாதி லைனில் இந்த வாரம் ஆறேழு வீடு வண்டிக்கு வந்தது. மற்றவர்கள் இன்னும் கதவிடுக்கில்தான் நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஆள் வேண்டும். நான் கூப்பிட்டால் கடைக்காரன் கூப்பிடுகிறான் என்று நினைக்கிறார்கள். அனுப்ரியா கூப்பிட்டால் ஆபீஸ் கூப்பிடுகிறது என்று பயப்படுகிறார்கள். நீ இப்போது இரண்டும் இல்லை.

நாளை எட்டு மணிக்கு வண்டி வரும். குடை கொண்டு வா, மழை விடவில்லை.

சகாயம்